வடத்தின் கடைசி ஆள்

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க சார். எனக்கு இந்த ஓரம்தான் கொள்ளாம், வசதி, காலை நீட்டிக்கிடலாம். குலசேகரம் வரைக்குமா? நானும் அங்கதான். சும்மா கேட்டேன். உங்களுக்கு எங்க ஊரு பூவன்விளையில ஆளு யாராவது உண்டா? வில்பிரட்னு ஒருத்தனைத் தெரியுமா, நெட்டையா, கறுத்து, பெயிண்ட் கடை வச்சிருப்பான்? தெரியாது. உண்மையிலேயே தெரியாதுல்லா? சரி. கேக்க வேண்டியிருக்கு சார். முன்ன ஒரு தடவ இதே மாதிரி பஸ்சுல ஒருத்தர்கிட்ட நாலு வார்த்தை பேசினேன். நான் வீடு போய்ச் சேருகதுக்கு முன்ன என் வீட்டுக்காரிக்குப் போன் போயிட்டு.

இந்தப் பெல்ட்டைப் பாக்கியளா? சட்டைக்கு மேல போட்டா எல்லாரும் விசாரிக்கானுவ, உள்ள போட்டா வேர்த்து ஊறுது. ஆப்பரேசன் ஆகி வருஷம் ஒண்ணு ஆகப் போவுது. எங்க ஊர்ல யாருகிட்ட கேட்டாலும் ஒரே கதைதான் சொல்லுவானுவ, ரசல் வடம் இழுத்து நடு ஒடிஞ்சு போனான்னு. ரசல் நான்தான், நடுன்னா எங்க பக்கம் இடுப்பு. அது அவனுவ கதை. நடந்தது வேற. நான் சொல்லுகேன், நீங்க வெளியூர் ஆளு, கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

வடம் இழுப்புப் பாத்திருக்கியளா? கயிறு இழுக்கிற போட்டிதான், ஆனா பள்ளிக்கூடத்துல பிள்ளைய இழுக்குமே, அது இல்ல. ஓணம் சமயத்துல எங்க பக்கம் ஊர் ஊருக்கு நடக்கும். இந்தப் பக்கம் ஏழு பேரு, அந்தப் பக்கம் ஏழு பேரு. மத்தியில வடத்துல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது எவன் பக்கத்துக் கோட்டைத் தாண்டுதோ அவன் ஜெயிச்சான். ஜெயிச்சா ஏத்தன் வாழைக்குலை ஒண்ணு, சில ஊர்ல ஆடு. அதுக்கா இழுக்கோம்? குலையை அன்னைக்கே ஏழாப் பங்கு வச்சா ஆளுக்கு ஒரு சீப்பு கூட வராது.

நான் கடைசி ஆள். சூரியன் அணின்னு சொன்னா மார்த்தாண்டம் தொட்டுக் குலசேகரம் வரை தெரியும், அதுல இருபது வருஷமா கடைசி ஆள் நான்தான். முன்னால நிக்க ஆறு பேருக்கும் வடம் கையிலதான் இருக்கும். கடைசி ஆளுக்கு மட்டும் அது மேலுல, உடம்போட. கக்கத்துக்குக் கீழ கூடி வந்து, முதுகைச் சுத்தி, அந்தப் பக்கத்துத் தோளு மேல ஏறி வரும். முடிச்சுப் போடக் கூடாது. ஆறு பேரும் சோந்து போனாலும் கடைசி ஆள் நின்னா அணி நிக்கும். அவன் சாஞ்சா முடிஞ்சுது.

வடத்துல பொய் சொல்ல முடியாது சார். அது வழியா எனக்கு எல்லாம் தெரியும். எவன் நேத்து குடிச்சான், எவன் வீட்டுல சண்டை, எவனுக்கு விரல்ல முள்ளு குத்தியிருக்கு, எல்லாம் முதுகுல வந்து சேரும். ரெண்டு பக்கமும் சமமா இழுத்து, வடம் அனங்காம, அசையாம நிக்கும் பாருங்க ஒரு நேரம். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். அப்ப ஏழு பேரும் சேந்து ஒரே மூச்சா விடுவோம். அந்த நேரத்துக்காகத்தான் சார். கல்யாணத்தன்னைக்குக் கூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்ல. ஸ்டெல்லாகிட்ட சொல்லிராதிய. அவதான் வீட்டுக்காரி.

ஆப்பரேசனுக்கு முந்தின வருஷ ஓணத்துக்கு ஒரு போட்டியில முதுகுக்குள்ள என்னமோ டக்குன்னுது. பெருசா ஒண்ணும் இல்ல. இடது காலு மட்டும் இடுப்புல இருந்து பெருவிரல் வரைக்கும் மரத்துப் போச்சு. வாயுவா இருக்கும்னு நான் நினைச்சேன், நினைச்சு, ஜெயிச்சுட்டும் வந்தேன். திரும்பி வரும்போது வேன்ல முன் சீட்டு வில்பிரட்டுக்கு உள்ளது. அவன்தான் கேப்டன், வடத்துல முதல் ஆள். அன்னைக்கு அவன் பின்னால ஏறிக்கிட்டு, நீ முன்னால இருல ரசல், காத்து வரும்னான். இருபது வருஷத்துல வராத காத்து அன்னைக்கு எதுக்கு வருது? எனக்கு அங்கேயே ஒரு மாதிரி ஆயிட்டு.

அதுக்குப் பொறவு நான் கவனிக்க ஆரம்பிச்சேன். நான் தடி டிப்போவுல லோடு ஏத்துகவன். ரப்பர் மரம் வெட்டின தடி, லாரி லாரியா. திடீர்னு ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, இனி நீ கேட்டுல இரு, வண்டி வாறதும் போறதும் பாத்தாப் போதும்னார். நாற்காலி கூடப் புதுசு. யாரு சொல்லிச் செஞ்சியன்னு கேட்டதுக்கு முதலாளி சிரிச்சார். முதலாளியும் வில்பிரட்டும் ஒரே கோயில்ல பாட்டுக் குழு. பொறவு ஒரு நாள் நான் வீட்டுக்கு வாறேன், ஸ்டெல்லாவும் வில்பிரட்டும் வாசல்ல நின்னு பேசுகாவ. என்னைக் கண்டதும் பேச்சு நின்னு போச்சு. நீங்க வேற மாதிரி நினைக்காதிய, அந்தச் சந்தேகம் எல்லாம் எனக்குக் கிடையாது. அவன் தங்கமான ஆளு. அதான் பயமே. தங்கமான ஆளு ஒருத்தன் ஒண்ணை முடிவு பண்ணிட்டான்னா ஊரே அவன் பக்கம் நிக்கும்.

வில்பிரட்தான் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். ஸ்கேன் எடுத்தாவ. டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, ரெண்டு எலும்புக்கு நடுவுல உள்ள ஜவ்வு பிதுங்கி வந்து நரம்பை அமுக்குது, இனி வடத்தைத் தொட்டா காலு விளங்காம போயிரும், மூத்திரம் போறது கூட நம்ம கையில இருக்காதுன்னார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் சார். நான் வடம் இழுக்கவன்னு அவருகிட்ட நான் சொல்லவே இல்ல. அவருக்கு எப்படித் தெரியும்?

சரின்னுட்டு யாருகிட்டயும் சொல்லாம நாகர்கோவிலுக்குத் தனியா போனேன். வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். நான் பஞ்சாயத்துல வேலைன்னு பொய் சொன்னேன். அவரும் அதே படத்தைப் பாத்துட்டு அதே பேச்சு, வடத்துக்குப் பதிலா பாரம்னார், மத்தபடி ஒரு வார்த்தை மாறாம. எப்படி மாறும்? எல்லாம் ஒரே காலேஜ்ல படிச்சு வந்தவங்கதானே. பொறவு வர்ம ஆசான் ஒருத்தர்கிட்ட போனேன். அவரு படம் கிடம் ஒண்ணும் பாக்கல்ல. குப்புறப் படுக்க வச்சு கட்டை விரலால ஒரு இடத்துல தொட்டார். நான் கத்திட்டேன். எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு, கை கழுவும்போது, அதை விட்டுரு பிள்ளேன்னார். எதைன்னு நான் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல. பொறவு விசாரிச்சா, வில்பிரட்டுக்கு மாமியார் வீடு அந்த ஆசான் ஊரு. இதுக்கு என்ன சொல்லுகிய?

அடுத்த வருஷத்துக்குப் பிராக்டிஸ் தொடங்கினோம். கோயில் கிரவுண்டு ஓரத்துல ஒரு புளிய மரம் உண்டு, அதுல கப்பி கட்டி, பாரக் கல்லை வடத்துல தொங்கவிட்டு இழுப்போம். நான் வடத்தை மேலுல சுத்தி, குதிகாலை மண்ணுல குத்தி, சாஞ்சேன். சாஞ்சா, ஒண்ணும் இல்ல. கல்லு மேல ஏறுது, ஆனா எனக்கு முதுகுல பாரமே இல்ல. தலவாணியில சாஞ்ச மாதிரி. மூணு நாலு நாளு பாத்தேன். எனக்கு முன்னால நிக்கவன் பேரு பனியடிமை. அவன் காலை அகட்டி வச்சு, வடத்தைக் கக்கத்துக்குள்ள இறுக்கி, எனக்கு வர வேண்டிய பாரத்தை எல்லாம் அவனே வாங்குகான். அவனுக்கு முன்னால உள்ளவனும் அப்படித்தான். ஆறு பேரும் சேந்து பேசி வச்சிட்டு என்னைச் சும்மா பொம்மை மாதிரி கட்டிப் போட்டிருக்கானுவ.

எதுக்குச் செஞ்சிருப்பானுவன்னு நினைக்கிய? நான் இல்லாமலும் இழுக்கலாம்னு எனக்குக் காட்டுகதுக்கு. வேற எதுக்கு?

ஒரு நாள் இழுத்துக்கிட்டு இருக்கும்போதே நான் வடத்தை மேலுல இருந்து கழட்டித் தரையில விட்டேன். கல்லு அனங்கல்ல. ஆறு பேரும் அப்படியே பிடிச்சிட்டு நிக்கானுவ, நான் தள்ளி நிக்கது தெரியாம. நான் கை தட்டினேன். அப்பதான் வில்பிரட் திரும்பிப் பாத்தான். கல்லை இறக்கி வச்சுட்டு வந்தான்.

"எல்லாம் உனக்கு வேண்டித்தான்ல ரசல்," அப்படீன்னான்.

"எனக்கு வேண்டியா, என்னைத் தள்ளிவிட வேண்டியா?"

அவன் கையில ஒட்டின மண்ணைத் தட்டினான். பொறவு, இந்த வருஷம் வெளிய நின்னு சத்தம் கொடுன்னான். சத்தம்னா, வடம் பிடிச்சவனுக்கு வெளிய நின்னு ஒருத்தன் தாளம் சொல்லுவான், எப்ப இழுக்க, எப்ப பிடிச்சு நிக்கன்னு. வயசானவனுக்குக் கொடுக்கிற வேலை. எனக்கு நாப்பத்தி மூணு. நான் பனியனைக் கழட்டி புளிய மரத்துல தொங்கப் போட்டுட்டு வந்துட்டேன். பின்னால யாரும் கூப்பிடல்ல. கூப்பிட்டா நான் திரும்பியிருப்பேன்னு இல்ல. ஆனா கூப்பிடல்ல, அதையும் நீங்க கணக்குல எடுக்கணும்.

முள்ளங்கோட்டுக்காரன் எங்களுக்கு ஜென்ம எதிரி. அவனுவளோட கடைசி ஆள் வேலைக்குத் துபாய் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். நானே நேராப் போனேன். நாற்காலி போட்டு இருக்க வச்சு, சாயா கொடுத்து, பச்சைப் பனியன் தந்தானுவ. அணிக்கு செக்ரட்டரி சோபனராஜ்னு ஒரு வாத்தியாரு. அவரும் முதல்ல கேட்டது, நடு எப்படி இருக்குன்னுதான். வில்பிரட் போன் பண்ணினானான்னு கேட்டேன். இல்லேன்னார். இல்லேன்னு சொன்ன விதத்துல எனக்கு நம்பிக்கை வரல்ல.

ஸ்டெல்லா மூணு நாளு எங்கூட பேசல்ல. சோறு போடுவா, தண்ணி வைப்பா, பேச மாட்டா. போட்டியன்னைக்குக் காலையில என் முன்னால வந்து நின்னா. "நீங்க விழுந்தா தூக்குகதுக்கு எனக்குப் பெலன் இல்ல. அதை மட்டும் தெரிஞ்சிட்டுப் போங்க"ன்னா. சின்ன ஆளு அவ, சரிதான். ஆனா அவ பேச்சு மாதிரி இல்ல அது. யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்துது.

போற வழியில ஒரு இடத்துல வலி ஊசி போட்டுக்கிட்டேன். ரெண்டு ரவுண்டு சுகமாப் போச்சு. பைனல்ல எதிர்ல யாரு நிக்கான்னு சொல்லணுமா? சூரியன் அணிதான், என் இடத்துல ஒரு புதுப் பையனை வச்சிட்டு.

சார், இப்ப சொல்லப் போறதை நல்லா கவனிங்க. வடத்துல நிக்கவன் எல்லாம் எதிரியைப் பாத்துத்தான் நிப்பான். அப்ப கடைசி ஆளோட முகம் யாருக்குத் தெரியும்? அவன் அணியில ஒருத்தனுக்கும் தெரியாது, எல்லாம் முதுகைக் காட்டிட்டு நிக்கானுவ. எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷம் வில்பிரட்டோட முதுகை நான் பாத்திருக்கேன். அவன் என் முகத்தை வடத்துல வச்சுப் பாத்ததே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தான்.

முதல் இழுப்பு அவனுவளுக்கு. ரெண்டாவது எங்களுக்கு. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் சத்தியமான இழுப்பு. மூணாவது. விசில் அடிச்சதும் ரெண்டு பக்கமும் சாஞ்சோம், வடம் நின்னு போச்சு. துணி அனங்கல்ல. ஆளுக சத்தம் எல்லாம் எங்கேயோ தள்ளிக் கேக்குது. நான் சொன்னேன்லா, அந்த நேரம். அது வந்துட்டு. எதிரியா நின்னாலும் அவனுவ மூச்சு எனக்குத் தெரியுது, பனியடிமை மூச்சு, வில்பிரட் மூச்சு. அப்ப இடது காலு போயிட்டு. வலி இல்ல. காலு இல்ல, அவ்வளவுதான். முட்டுக்குக் கீழ யாரோ கழட்டி எடுத்துட்டுப் போன மாதிரி. நான் ஒரு காலுல நிக்கேன். முள்ளங்கோட்டுக்காரன் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் பல்லைக் கடிச்சிட்டு முகத்தைக் கல்லு மாதிரி வச்சிருந்தேன். வச்சிருந்தேன்னுதான் நினைச்சேன்.

வடத்துக்கு அந்தப் பக்கம் வில்பிரட் என்னைப் பாத்துட்டே நிக்கான். அவன் வாய் அனங்குச்சு. என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல்ல, பின்னால உள்ளவனுக்கு என்னமோ சொன்னான்.

உடனே வடம் வந்துது.

ஜெயிக்கும்போது வடம் எப்படி வரும்னு எனக்குத் தெரியும். அடிச்சுப் பிடிச்சு வரும், ஒரு சாண் வந்து அரைச் சாண் திரும்பிப் போகும். இது அப்படி இல்ல. பைய வந்துது. சட்டுன்னு விட்டிருந்தா நான் மல்லாக்க விழுந்து மண்டை அடிபட்டிருக்கும். விடல்ல. ஏழு பேரும் வடத்தை இறுக்கிப் பிடிச்சிட்டு, ஒரு அடி, ஒரு அடியா நடந்து வந்து என் கையில தந்தானுவ. தொட்டில்ல கெடக்க பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மாதிரி. துணி கோட்டைத் தாண்டிட்டு, விசில் அடிச்சான். முள்ளங்கோட்டுக்காரன் எல்லாம் குதிக்கானுவ. நான் அப்படியே தரையில இருந்துட்டேன். எழும்ப முடியல்ல.

முதல்ல வந்தது வில்பிரட்தான். கக்கத்துல கையைக் கொடுத்தான்.

"ஏம்ல வடத்தோட வந்த?" நான் கேட்டேன்.

"காலு வழுக்கிட்டு."

செம்மண் தரை சார். மழை பெஞ்சு நாளாயிட்டு, குதிச்சா தூசி பறக்கும். அதுல ஒருத்தனுக்குக் காலு வழுக்கலாம், நான் நம்புகேன். ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல வழுக்குமா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கிய, நீங்களே சொல்லுங்க.

நான் சும்மா விடல்ல. மறுநாள் இடது காலை ஊன்ற முடியாது, ஸ்டெல்லா தோளைப் பிடிச்சிட்டு ஆட்டோவுல போட்டிக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். சூரியன் அணி வேணும்னே விட்டுக் கொடுத்துட்டு, அதனால நாங்க ஜெயிச்சது செல்லாது, குலையையும் ஆட்டையும் திரும்ப வாங்குங்கன்னேன். தலைவர் என்னையும் பாத்தார், ஸ்டெல்லாவையும் பாத்தார். ஜெயிச்சவன் வந்து புகார் கொடுக்கதை நான் இன்னைக்குத்தான் காணுகேன் தம்பின்னார். ஆட்டை நேத்தே அறுத்துட்டாவன்னும் சொன்னார். எல்லாரும் சிரிச்சானுவ. ஸ்டெல்லா சிரிக்கல்ல, அழுதா.

எனக்குத் தோக்கது பெருசில்ல சார். எத்தனையோ தடவ தோத்திருக்கேன். என் கடைசி இழுப்புல நான் தோத்து விழுந்திருக்கணும், இல்ல ஜெயிச்சு நின்னிருக்கணும். ரெண்டையும் எனக்குத் தராம பண்ணிட்டான். இப்ப எவன்கிட்ட போய் நான் என்ன சொல்ல? ஜெயிச்சேன்னு சொல்ல முடியாது. தோத்தேன்னும் சொல்ல முடியாது.

ஆமா, கடைசி இழுப்புதான். ஆப்பரேசன் பண்ணின டாக்டர் சொன்னது அது, இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு நின்னிருந்தா காலு திரும்பக் கெடச்சிருக்காதுன்னு. நான் கேட்டுக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வில்பிரட் தெனமும் வந்தான். அவனை உள்ள விடாதேன்னு ஸ்டெல்லாகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். அவன் வெளிய பெஞ்சுல இருப்பான். பெயிண்ட் வாடையில அவனுக்கு எப்பவும் ஒரு இருமல் உண்டு. அதை வச்சு நான் தெரிஞ்சுக்கிடுவேன், வந்துட்டான்னு. வேணும்னே இருமுகானோன்னு கூடத் தோணும். ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் இருமல் கேக்கல்ல. எனக்குச் சோறு இறங்கல்ல. என்ன திட்டம் போடுகானோன்னு நினைச்சு இறங்கல்ல. பொறவு கேட்டா, அன்னைக்கு அவன் கடையில பெரிய சரக்கு இறங்கியிருக்கு. மறுநாள் வந்து இருமினான். தூங்கிட்டேன்.

இப்ப எங்க போறேன்னா, இந்த வருஷத்து முதல் போட்டி இன்னைக்கு. குலசேகரம் தாண்டி ஒரு கிரவுண்டுல. வீட்டுல பெல்ட்டு மாத்தப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். போக வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா நேத்து ஒரு சேதி கேட்டேன் சார். சூரியன் அணியில கடைசி ஆளா யாரு நிக்கான்னு நினைக்கிய? வில்பிரட். முன்னால நின்னவன் பின்னால போயிட்டான், என் இடத்துக்கு. நான் ஸ்டெல்லாகிட்ட சொன்னேன், பாத்தியா, கடைசியில இதுக்குத்தான் இவ்வளவும்னு. அவ சொல்லுகா, வேற ஆளு கெடைக்கல்ல, ரெண்டு பேரை வச்சுப் பாத்தானுவ, ஒருத்தனும் அந்த இடத்துல நிக்க மாட்டேங்கானுவ, அதனால அவரு போனாருன்னு. அவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? அதையும் யோசிங்க.

அவனுக்கு என்னைவிட ஒரு வயசு கூட. நெட்டை ஆளு, கடைசியில நிக்க நெட்டை ஆளுக்கு ஆகாது, வடம் தோளுல மேல ஏறி ஏறி வரும், பாரம் பூராவும் நடுவுல விழும். அதை அவனுக்கு யாரு சொல்ல? முன்னால நிக்க ஆறு பேருக்கும் அவன் முகம் தெரியாது. பனியடிமைக்கு ஒண்ணுமே தெரியாது. அதனால நான் அவனுவ பக்கம் நிக்க மாட்டேன். எதிர்ப்பக்கம் போய், எதிரி அணிக்குப் பின்னால நிப்பேன். அங்க நின்னாத்தான் முகம் நேராத் தெரியும்.

நிறுத்தம் வந்துட்டு. நான் முன்னாலயே எழும்பி நிக்கணும், கொஞ்சம் நேரமாகும். நீங்க பிடிக்க வேண்டாம், நான் கம்பியைப் பிடிச்சுக்கிடுவேன். நான் அவனைப் பாக்கப் போகல்ல, கேட்டியளா. கண்காணிக்கப் போறேன். அவனை நம்ப முடியாது சார். வலிச்சாலும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டான்.